வெறும் வயிற்றோடு வரக்கூடாது

துறைமுகத்தில் நான் பார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், வந்த கப்பலைக் காத்திருக்க வைப்பது. எந்தக் கப்பலை எந்தத் துறையில் எப்போது கட்டுவது, அதை வழிகாட்டி உள்ளே கொண்டுவர எந்தப் பைலட்டை அனுப்புவது என்று தினமும் காலையில் ஒரு கூட்டம் நடக்கும். நிலக்கரிக்காரர், உரக்காரர், கண்டெய்னர்காரர் எல்லோரும் தங்கள் கப்பல்தான் முதலில் உள்ளே வர வேண்டும் என்று மேசையைத் தட்டுவார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "பார்க்கலாம்" என்பேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது அதையே வீட்டில் சொல்லாமல் இருப்பதற்கு ஓய்வூதியம் கொடுக்கிறார்கள் என்று என் மகள் சொல்வாள்.

மார்கழியில் ஒரு காலை அவள் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"அப்பா, நான் காப்பர்-டி போட்டுக்கலாம்னு இருக்கேன். டாக்டர்ட்ட கூட ஒரு ஆளு வரணுமாம்."

"பார்க்கலாம்" என்றேன்.

"என்னத்தப் பாக்கப் போறீய? வாரீயளா, இல்லையா?"

அவள் அம்மா இருந்திருந்தால் இந்தப் பேச்சு என் காதுக்கே வந்திருக்காது. அவள் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. வீட்டில் இருப்பது நான், மகள், இரண்டு வயதுப் பேத்தி. மாப்பிள்ளை மும்பைக்கு அப்பால் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிப்போகும் கப்பலில் இன்ஜினியர். ஆறு வாரம் அங்கே, ஆறு வாரம் இங்கே. நல்ல பையன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறான் என்பதுதான் சிக்கல்.

சிக்கல் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மகள் மீன்வளம் படித்தவள். எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்று பல காலம் ஆகிறது. ஆனால் சிப்பிகள் கடலடிப் பாறைத் திட்டுகளில் ஒட்டிக்கொண்டு இன்னும் கிடக்கின்றன. முதுகில் காற்றுக்குடுவையைக் கட்டிக்கொண்டு இறங்கி, எந்தத் திட்டில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுகிற ஆய்வு ஒன்றில் அவளுக்கு முன்பே இடம் கிடைத்தது. பயிற்சியெல்லாம் முடித்தாள். படகு புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தது. கர்ப்பிணிகள் கடலடிக்கு இறங்கக்கூடாது என்பது நல்ல விதி; நான் விதிகளின் பக்கம் நிற்பவன். பிறந்த பேத்தியோ என் கண்ணாடியைத் தன் தனிச்சொத்தாக அனுபவித்து வருகிறாள். அவள் வந்ததில் யாருக்கும் குறையில்லை. ஆனாலும் மாசி மாதம் கடல் தெளிந்து, மற்றவர்கள் ஏறிய படகு கிளம்பியபோது, மகள் வெளியே இன்னும் தெரியாத வயிற்றோடு கடற்கரைக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள். வந்து துணி துவைத்தாள். துணி ஏற்கெனவே துவைத்திருந்தது.

இப்போது அந்த இடம் மறுபடி வந்திருந்தது. மாசியில் படகு. மூன்றாவது முறை கூப்பிட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். கருத்தடை மாத்திரை அவளுக்குத் தலைவலி கொடுத்தது. மற்ற ஏற்பாடுகளைப் பற்றி எந்த மகளும் அப்பாவிடம் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை. மாப்பிள்ளையிடம் போனில் பேசி, இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு இது. தை பிறந்ததும் அவன் விடுப்பில் வருகிறான். அதற்குள் இந்த வேலை முடிய வேண்டும்.

"வாரேன்" என்றேன். "கோப்பு ஏதும் எடுத்துக்கிடணுமா?"

"அப்பா."

"சரி, சரி."

கிளினிக் ஒரு பாத்திரக் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவே மாடியில் இருந்தது. காத்திருக்கும் கூடத்தில் ஆண்கள் என்று பார்த்தால் நானும், காலண்டரில் இருந்த முருகனும்தான். அவர் இரண்டு பக்கமும் மனைவியரை வைத்துக்கொண்டு சகஜமாக நின்றார். நான் பெண்களுக்கான ஊட்டச்சத்துச் சுவரொட்டியை ஆரம்பம் முதல் கடைசி வரை படித்தேன். முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது. மறுபடி படித்தேன். அப்போதும் இருந்தது.

எதிர் வரிசையில் இருந்து ஒரு குரல்.

"என்ன மாமா, மகளக் கூட்டிட்டு வந்துருக்கீய? விசேஷமா?"

எங்கள் தெரு முனைப் பலசரக்குக் கடைக்காரரின் மனைவி. நாற்பது இன்னும் ஆகவில்லை, மூன்று பிள்ளைகள். கல்லாவில் உட்கார்ந்தபடியே தெருவை நடத்துகிறவள். கல்யாணமான பெண்ணைப் பார்த்து விசேஷமா என்று எங்கள் பக்கத்தில் கேட்டால், வயிற்றில் பிள்ளையா என்றுதான் அர்த்தம்.

என் பணிக்காலத்தில் கப்பல் ஏஜெண்டுகள் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள். உண்டு என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் பதில் தருவதில் நான் தேர்ந்தவன். வாய் தானாகத் திறந்தது.

"டாக்டர்தான் சொல்லணும்."

மகள் என் காலை மிதித்தாள். மிதிக்க வேண்டியதுதான், ஆனால் நேரம் கடந்துவிட்டது. கடைக்காரர் மனைவியின் முகம் மலர்ந்துபோயிற்று. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு அப்பாவே சொல்லிவிட்டால், டாக்டர் சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைக் கோட்டும், கொண்டையில் மல்லிகையும்.

"நீங்க யாரு?"

"அப்பா."

"நல்லது. மாமியாரு வருவாக, நாத்தனாரு வருவாக. புருசன்மாரு கீழ பைக்கில உக்காந்து போன் பாப்பாக. அப்பா ஒருத்தரு வந்து இன்னைக்குத்தான் பாக்கேன். உக்காருங்க."

அவர் மகளிடம் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். நான் பார்வையை மேசை மேலிருந்த பிளாஸ்டிக் மாதிரி ஒன்றில் நிறுத்தினேன். கர்ப்பப்பை. குறுகலான வாய், உள்ளே அகன்ற இடம், இரண்டு பக்கமும் வளைந்து நீளும் கைகள். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. எங்கள் அலுவலக வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த துறைமுக மாதிரியும் இப்படித்தான் இருக்கும். வாய்க்கால், உள்துறை, அலை தடுக்க இரண்டு பக்கமும் சுவர். என் வாழ்நாள் முழுக்க இதன் உள்ளே யார் வரலாம் யார் வரக்கூடாது என்றுதானே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் பாதியாகக் குறைந்தது.

டாக்டர் தயாரிப்புகளைச் சொன்னார். மாதவிலக்கு வந்ததும் போன் பண்ண வேண்டும். அது முடிகிற சமயம் வந்தால் போடுவது எளிது, வயிற்றில் பிள்ளை இல்லை என்பதும் உறுதி. வலிக்கான மாத்திரையை வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். தளர்ந்த உடுப்பு. ஒரு நாப்கின். வீட்டுக்குத் திரும்பிப் போகத் துணைக்கு ஆள்.

"வெறும் வயிறுதானே டாக்டர்? முந்தின ராத்திரியிலருந்தா?" என்று கேட்டேன். சர்க்கரைப் பரிசோதனை, என் கண் ஆபரேஷன், என் மனைவியின் எத்தனையோ சோதனைகள் என்று நான் அறிந்த எல்லா நடைமுறையும் வெறும் வயிற்றில்தான் தொடங்கும்.

"யாரு சொன்னா? நல்லா சாப்பிட்டுட்டு வரணும். வெறும் வயித்தோட வந்து மேசையில மயங்கிட்டான்னா நான் அவளப் பாக்கவா, வெளிய உங்களப் பாக்கவா? வெறும் வயித்தோட வரக்கூடாது."

இது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்க வேண்டியவை இன்னும் இருந்தன. கப்பலைக் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டு எனக்குப் பழக்கமில்லை.

"அதுல சுத்தியிருக்கது செம்புதானே? இவ கடல்ல இறங்குதவ. உப்புத் தண்ணியில செம்பு பச்ச பிடிக்குமே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கடலு அம்புட்டுத் தூரம் உள்ள வராது சார்."

"ஆழம் போகப் போக அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்துல அது எடம் மாறி..."

"அதுவும் ஒண்ணும் செய்யாது. வலியும் கசிவும் அடங்குன பொறவு இறங்கட்டும். அடுத்த மாதவிலக்கு முடிஞ்சதும் ஒரு தடவ எங்கிட்ட வந்து காட்டட்டும். வேற?"

"எத்தன வருஷத்துக்கு?"

"அது அஞ்சு, பத்துன்னு இருக்கு. வேண்டாம்னா எந்த நாளும் எடுத்துரலாம். எடுத்த மாசமே உங்களுக்கு அடுத்த பேரன் வரலாம், போதுமா?"

மகள் கையால் முகத்தை மூடியிருந்தாள். அழுகிறாளோ என்று பயந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக் கடையில் மாத்திரையும் நாப்கினும் வாங்கினேன். கடைப் பையன் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, அதைக் கறுப்புப் பைக்குள் போட ஆரம்பித்தான். எங்கள் ஊரில் கறுப்புப் பையில் வேறெதுவும் தருவதில்லை என்பதால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும்.

"காகிதம் வேண்டாம்ப்பா. அப்படியே தா."

"அண்ணாச்சி, ரோட்டுல கொண்டு போகணும்லா?"

"கொண்டுதான் போறேன். வித்துக்கிட்டா போறேன்?"

வீரமாகத்தான் சொன்னேன். ஆனால் வீட்டுக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுற்றித்தான் போனேன்.

அன்று சாயங்காலமே பலசரக்குக் கடையிலிருந்து ஒரு டப்பா மக்ரூன் வந்தது. முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்த்துக் கூம்பாகச் சுட்ட எங்கள் ஊர்ச் சரக்கு. வாயில் போட்டால் கரைந்துவிடும். "மொத இனிப்பு எங்க வீட்டுதா இருக்கட்டும்னு அம்மா சொன்னாக" என்று கொண்டுவந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் டப்பாவை மேசையில் வைத்தாள்.

"உங்க 'டாக்டர்தான் சொல்லணும்' வந்து நிக்கி பாருங்க."

"நாளைக்குப் போய் இல்லன்னு சொல்லிருதேன்."

"அப்ப எதுக்கு டாக்டர்ட்ட போனீயன்னு கேப்பாவுல்லா. கடையில பத்து பேரு முன்னால காப்பர்-டின்னு சொல்லுவீயளா?"

நான் டப்பாவைத் திறந்தேன். "பார்க்கலாம்" என்றேன். மூன்று பேரும் மக்ரூன் தின்றோம். தவறான தகவலின் பேரில் வந்த சரக்கு என்றாலும் தரம் குறைவில்லை.

அடுத்து வந்த நாட்களில்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. வர வேண்டியது வரவில்லை. மாப்பிள்ளை போய் மூன்றாவது வாரம். முதல் நாள் நான் கண்டுகொள்ளவில்லை. கப்பலே சொன்ன நாளில் வருவதில்லை. அடுத்தடுத்த நாட்களில் மகள் பேச்சைக் குறைத்தாள். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை எங்கள் தெருப்பக்கம் வாங்க முடியாது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய் வாங்கி வந்து, பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள். நாளைக்குப் பார்க்கிறேன், நாளைக்குப் பார்க்கிறேன் என்றாள். என் மகள் அல்லவா. மக்ரூன் டப்பா காலியாகி மேசை மேலேயே கிடந்தது. கடைக்காரர் மனைவி சொன்னது பலித்துவிட்டால் நாங்கள் சந்தோஷப்படத்தான் வேண்டும், சந்தோஷப்பட்டும் இருப்போம். ஆனால் அவள் மறுபடி கடற்கரையில் போய் நின்றுவிட்டு, துவைத்த துணியைத் துவைப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பேத்தியோடு சண்டை போட்டு என் கண்ணாடியை மீட்டுக்கொண்டிருந்தேன். மகள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, வந்துட்டு."

"எத்தன மணிக்கு?"

கேட்டது நானில்லை, என் பதவி கேட்டது.

அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "எதுக்கு, பைலட்ட அனுப்பப் போறீயளா?"

நிலைப்படியில் சாய்ந்து அப்படிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என்னவென்று தெரியாமலே பேத்தியும் சேர்ந்து சிரித்து, அந்தச் சந்தடியில் கண்ணாடியை மறுபடி எடுத்துக்கொண்டு ஓடினாள். அன்று கோழி வாங்கினேன். மாதவிலக்கு வந்ததற்குக் கோழி அடித்த வீடு இந்த ஜில்லாவில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

டாக்டர் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னார். நான் நிம்மதியாகச் செய்தித்தாளை விரித்தேன். போன் அடித்தது. சம்பந்தியம்மா.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு விளாத்திகுளம் பக்கம். கரிசல் காட்டில் மிளகாய், கம்பு, உளுந்து. எங்கள் தெருப் பலசரக்குக் கடைக்கு மிளகாய் வத்தல் வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வத்தலை இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டியில் செய்தி ஏறிப் போயிருக்கிறது.

"அண்ணாச்சி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா? வத்த வண்டிக்காரன் சொல்லியா நான் தெரிஞ்சுக்கிடணும்?"

"தங்கச்சி, அது வந்து..."

"நீங்க ஒண்ணும் பேசாதீய. வியாழக்கிழம மொத பஸ்ஸுக்கு வாரேன். பிள்ளைக்கு வாய்க்கு ருசியா எதுவும் கொடுக்கீயளோ என்னமோ."

வைத்துவிட்டாள். தீபாவளிக்கு வந்தபோது, பேத்தியின் தலையைக் கோதிக்கொண்டே, "ஒண்ணுக்கு ஒண்ணு தொணை வேணும்லா" என்று என்னைப் பார்த்துச் சொன்னவள் அவள். சொன்னால் விடுகிறவளும் இல்லை. மகளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"போன்ல வேண்டாம். நேர்ல நானே சொல்லுதேன்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அத்த வேண்டாம்னு ஒத்தக் கால்ல நின்னுட்டா அவுகளும் மனசு மாறிருவாகளோ என்னமோப்பா. அவுக அம்மா சொல்லத் தட்ட மாட்டாக."

வியாழக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் சம்பந்தியம்மா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஒரு கையில் அடுக்குத் தூக்கு, மறுகையில் சாக்குப் பை. மசக்கைக்காரிக்கு என்று புளிச்சோறு, உளுந்துத் துவையல், மோர்மிளகாய், நெல்லிக்காய் ஊறுகாய், கருப்பட்டிச் சேவு. எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். பேத்தி சேவு இருந்த பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏளா, இங்கன வா. மூஞ்சி என்ன இப்படி வாடிக் கெடக்கு? வாந்தி இருக்கா?"

மகள் எதிரில் உட்கார்ந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பார்த்தேன்.

"அத்த, விசேஷமெல்லாம் ஒண்ணும் இல்ல. இப்பம் வேண்டாம்னு காப்பர்-டி போடப் போறேன். இன்னைக்குத்தான். பதினோரு மணிக்கு."

சம்பந்தியம்மாவின் கை தூக்கு மூடியின் மேல் அப்படியே நின்றது. பேத்தி இன்னொரு சேவை எடுத்தாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்த. ரெண்டு பேரும் பேசித்தான்."

"ம்." தூக்கு மூடியை ஓரமாக வைத்தாள். "எதுக்கு?"

"மாசியில கடலுக்குள்ள இறங்கணும். சிப்பி எண்ணுத வேல."

"எண்ணி?"

"எத்தன இருக்குன்னு எழுதணும்."

"எடுக்க மாட்டியா?"

"எடுக்கக்கூடாது அத்த."

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, முத்து கெடக்க எடத்துல இறங்கி, எடுக்காம எண்ணிட்டு வாரதுக்காக்கும் இம்புட்டுப் படிக்க வச்சீய?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். "பெருகட்டும்னு விட்டு வச்சிருக்காக அத்த. நீங்க மேலக்காட்ட தரிசு போடலையா, அது மாதிரி."

"போட்டேன். நல்லாத்தான் வெளஞ்சுது." சம்பந்தியம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "ஆனா காடு எங்கிட்ட வந்து என்னத் தரிசு போடுன்னு சொல்லல. நீதான் வாய் வளந்து சொல்லுத."

"போன தடவ படகு போயிட்டு அத்த." மகளின் குரல் இப்போது உடைந்தது. "இந்தத் தடவையும் போயிட்டுன்னா இனிமே எனக்குப் படகு கெடையாது."

என் பணிக்காலக் கூட்டங்களில் இப்படி ஒரு மௌனம் வந்தால் நான் தேநீர் சொல்வேன். இங்கே தேநீர் போடுவதும் நானே என்பதால் எழுந்தேன்.

"நீங்க உக்காருங்க" என்றாள் சம்பந்தியம்மா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு வருத்தந்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன். பஸ்ல வேற நாலு பேருட்ட சொல்லிட்டேன். கண்டக்டரு டிக்கெட்டுக்குச் சில்லற வாங்காம வாழ்த்துச் சொன்னான், அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" பிறகு, "அந்தச் சாமான் எத்தன வருஷத்துக்கு?"

"எப்ப வேண்டாம்னாலும் எடுத்துரலாம் அத்த."

"நெசமா?"

"டாக்டரே சொன்னாங்க தங்கச்சி" என்றேன். "எடுத்த மாசமே..."

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" மகளிடம் திரும்பினாள். "டாக்டரு வெறும் வயித்தோட வரச் சொன்னாளா?"

"இல்ல அத்த. நல்லா சாப்பிட்டுட்டு வரணுமாம்."

"பொறவென்ன, தட்ட எடு."

மசக்கைக்கு வந்த புளிச்சோற்றை மகள் இரண்டு தட்டு தின்றாள். துவையலைத் தொட்டுக்கொண்டு, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய. அது மிளகாயாலா என்று நான் விசாரிக்கவில்லை. பத்து மணிக்கு மாத்திரை கொடுத்தேன். கொடுத்ததும் சம்பந்தியம்மா சேலையைச் சரிசெய்து கிளம்பி நின்றாள்.

"நானும் வாரேன். உள்ள அவ கூட நிக்க உங்களால முடியுமா?"

ஆட்டோவில் நான்கு பேரும் போனோம். கூடத்தில் இந்த முறை பேத்தி என் மடியில் இருந்தாள். முருகனைக் காட்டி "தாத்தா" என்றாள், அவரும் மறுக்கவில்லை. மகள் உள்ளே போகும்போது சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். கதவு மூடியது. நான் சுவரொட்டியைப் படித்தேன். முருங்கைக்கீரை. இரும்புச்சத்து. ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம். முதலில் டாக்டர், பிறகு நர்ஸ், பிறகு, என் காதை நம்ப முடியவில்லை, மகள். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். இப்படிச் சிரிக்க வைக்கிற வைத்தியம் என்னவென்று அவர்களுக்கும் ஆசை வந்திருக்கும்.

நடந்ததை மகள் பிறகு சொன்னாள். போடுவதற்கு முன்னால், அதைக் கண்ணால் பார்க்காமல் விட மாட்டேன் என்று சம்பந்தியம்மா அடம்பிடித்திருக்கிறாள். டாக்டர் உறைக்குள் இருப்பதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியிருக்கிறார். "இம்புட்டுதானா? இதுக்கா எங்க அண்ணாச்சி ஒரு வாரமாப் பேயறஞ்ச மாதிரித் திரியுதாரு? எங்க காட்டு மொளகாக் காம்பு இதவிடப் பெருசு!" என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டதாம். மீதிப் பாதியில் வலித்தது, நன்றாகவே வலித்தது என்றாள். அத்தையின் விரல்களை நெரித்துவிட்டாளாம். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தாள், நடை மெதுவாக இருந்தது. ஆனால் கண்ணில் ஒரு தெளிச்சி. சம்பந்தியம்மா தன் விரல்களை உதறிக்கொண்டே வந்தாள்.

"முடிஞ்சுது அண்ணாச்சி. ஆட்டோ பிடிங்க. பள்ளம் பாத்து ஓட்டச் சொல்லுங்க."

இரண்டு நாள் எங்களோடு இருந்தாள். மகளுக்கு வயிற்றில் ஒத்தடம் கொடுத்தாள், என் சமையலறையை மாற்றி அடுக்கினாள், போகும்போது காலித் தூக்கோடு போகக்கூடாது என்று அதில் மக்ரூன் வாங்கி நிரப்பிக்கொண்டாள். கண்டக்டருக்காம்.

தையில் மாப்பிள்ளை வந்தான், பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தான், விடுப்பு முடிந்து போனான். மகள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வந்தாள். வைத்த இடத்தில் இருக்கிறது, கடலுக்குப் போகலாம் என்றார். மாசியில் கடல் கண்ணாடியாகத் தெளிந்தது. விடிந்தும் விடியாமலும் இருக்கும்போது நானும் பேத்தியும் படகடிக்குப் போனோம். கறுப்பு உடுப்பில் என் மகளை அடையாளம் தெரியாமல் பேத்தி வேறொருத்திக்குக் கையாட்டினாள். படகு கிளம்பியது. அவள் எங்களைப் பார்த்துக் கத்தினாள். இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வாய் மட்டும் சிரித்தபடி அசைந்தது.

திரும்பும் வழியில் பால் வாங்கப் பலசரக்குக் கடையில் நின்றேன். காலை நேரம், நல்ல கூட்டம். கல்லாவிலிருந்து கடைக்காரர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மாமா, மகளுக்கு எத்தன மாசம்? வயிறே தெரியலையே?"

வாய் பழையபடி திறந்தது. "டாக்டர்தான்" என்று பாதி வந்துவிட்டது. அந்த நேரம் அவள் கடலுக்குள் எத்தனை ஆழத்தில் இருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. மீதியை விழுங்கினேன்.

"மாசமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. காப்பர்-டி போட்டிருக்கா. இன்னைக்குக் கடலுக்கடியில சிப்பி எண்ணப் போயிருக்கா."

தராசுத் தட்டில் பருப்பு விழுவது நின்றது. கடைக்காரர் வெங்காய மூட்டைக்குள் ஏதோ தேட ஆரம்பித்தார். நான் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பின்னாலேயே செருப்புச் சத்தம்.

"மாமா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னைக்கு நானும் அதக் கேக்கத்தான் வந்தேன். கூட்டத்தப் பாத்ததும் வாய் வரல. சத்துமாத்திரை வாங்கிட்டு வந்துட்டேன். ரொம்ப வலிக்குமா?"

"வலிக்கும், பொறுக்க முடியும்னு மக சொன்னா. கொஞ்ச நேரந்தான்." என் குரல் பழைய கூட்டங்களின் கம்பீரத்துக்குத் திரும்பியது. "மாதவிலக்கு வந்ததும் போன் பண்ணணும். ஒரு மணி நேரம் முன்னால மாத்திர. கூட ஒரு ஆளு. முக்கியமா, வெறும் வயித்தோட போகக்கூடாது. புளிச்சோறு நல்லது."

"புளிச்சோறா?"

"எங்க சம்பந்தி கைப்பக்குவம். வேணும்னா சொல்லி விடுதேன், வத்த வண்டியில வரும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

உச்சிப்பொழுது தாண்டி மகளிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது. "ஏறிட்டேன்ப்பா. கொள்ளப் பசி."

எத்தனை மணிக்குக் கரை சேரும் என்று கேட்டு எழுதினேன். உடனே பதில் வந்தது: "பைலட்ட அனுப்புங்க."

பேத்தியிடமிருந்து கண்ணாடியைக் கெஞ்சி வாங்கி மாட்டிக்கொண்டு, உலை வைத்தேன்.